விழுங்கிய நாணயமும் ஆணவ மலமும்

பெற்றோர் பேச்சில் ஆழ்ந்திருந்த வேளையில், மேசைமேற் கிடந்த ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து வாயிலிட்ட குழந்தை அதை விழுங்கிவிடுகிறது. உணவுக் குழாயின் மேல்வாயிலிலேயே அது சிக்கிக்கொள்ள, ஊறும் எச்சிலையும் விழுங்க மாட்டாமல் வழியவிட்டுக்கொண்டு அழுகிறது. மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். படத்தில் கழுத்தின் அடிப்பகுதியில் வெண்மையான வட்டம் ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. நேரே நின்று எடுத்த படத்தில் இவ்வாறு முழு வட்டமாகத் தெரிந்தால் நாணயம் உணவுக் குழாயில் இருக்கிறது என்றும், விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் மூச்சுக் குழாயில் இருக்கிறது என்றும் பெரும்பாலும் கொள்வார்கள். இப்போது தந்தைக்கு எல்லாம் தெரியும்: பொருள் இன்னது, அதன் அளவு இவ்வளவு, அது நிற்கும் இடம் இது. ஐயமும் இல்லை, திரிபும் இல்லை. ஆயினும் அந்த அறிவினால் நாணயம் ஒரு நூலளவும் நகர்வதில்லை.

பந்தம் என்பது என்ன என்ற வினாவைப் பற்றி நம் நாட்டுத் தத்துவ ஆசிரியர்களிடையே பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு, இந்த நாணயத்தினிடத்தில் வந்து நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பந்தம் என்பது அவித்தையே, அதாவது அறியாமையே. கயிற்றைப் பாம்பென்று கண்டு நடுங்குகிறவனுக்கு விளக்கைக் காட்டினால் போதும், தடியெடுத்துப் பாம்பை அடிக்க வேண்டியதில்லை, ஏனெனில் அடிப்பதற்குப் பாம்பு அங்கே என்றுமே இருந்ததில்லை என்று கூறுவது அத்வைத வேதாந்தம். அவ்வாறன்று, பந்தம் ஒரு திரவியம், உள்பொருள். கண்ணிற் படர்ந்த படலத்தை, 'இது படலம்' என்று அறிந்த மாத்திரத்தில் நீக்கிவிட முடியாமல், கண் வைத்தியன் தன் கருவியால் உரித்தெடுக்க வேண்டியிருப்பது போல, உயிரைப் பற்றிய மலத்தையும் ஒரு செயலே நீக்கவேண்டும், அச்செயல் சிவனுடைய சத்தியால் நிகழும் தீக்கை என்று கூறுவது சைவ ஆகமங்களின் வழிவந்த கட்சி. சத்யோஜோதி சிவாசாரியார் போன்ற பழைய ஆகம ஆசிரியர்கள் இந்தப் படல உவமையைப் பெரிதும் போற்றினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரும், அவர்களுக்குப் பின் உமாபதி சிவாசாரியாரும் தமிழில் இந்தக் கொள்கையைச் சைவ சித்தாந்தமாகச் செம்மைப்படுத்தி நிறுத்தினார்கள். திருவருட்பயனில் ஓர் அதிகாரம் முழுவதையும் இருள்மலமாகிய ஆணவத்தின் நிலைக்கே உமாபதியார் ஒதுக்கியிருப்பது, அதை அவர் எவ்வளவு மெய்யான பொருளாகக் கருதினார் என்பதற்குச் சான்று.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பண்டிதர் சபையைவிடத் தொண்டை மருத்துவரின் அறை தகுதியானது என்று நான் சொன்னால் சில பெரியோர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனாலும் விழுங்கப்பட்டுச் சிக்கிய பொருள் என்பது ஒரு வகையில் விசித்திரமானது. நமக்குள் இருந்தும் நாமாக மாட்டாதது. உண்ட அன்னத்தின் பருமையான கூறு மலமாகவும், நடுக்கூறு தசையாகவும், நுண்மையான கூறு மனமாகவும் ஆகின்றன என்று சாந்தோக்கிய உபநிடதம் உத்தாலகர் வாயிலாக உபதேசிக்கிறது. அந்த முறையில் சோறு நாமாகிறது, நெய் நாமாகிறது, குடித்த நீரும் நாமாகிறது. நாணயமோ தசையும் ஆவதில்லை, மனமும் ஆவதில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் அரசாங்க முத்திரை அழியாமல் நாணயமாகவே இருக்கிறது. உயிரோடு அநாதியாகக் கலந்திருந்தும் உயிரின் இயல்பாகாத ஒன்று உண்டு என்று சித்தாந்தி சொல்லும்போது, அது எவ்வாறு கூடும் என்று மலைப்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நம் உணவுக் குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது தொடங்கும் இடத்திலும், இதயத்திலிருந்து எழும் பெருந்தமனி வளைந்து குறுக்கிடும் இடத்திலும், உதரவிதானத்தைக் கடந்து இரைப்பையிற் புகும் இடத்திலும் அது இயல்பாகவே சிறிது குறுகியிருக்கிறது. விழுங்கிய பொருள் சிக்குவதெல்லாம் பெரும்பாலும் இம்மூன்றில் ஓரிடத்தில். அவற்றுள்ளும் முதலிடத்திலேயே அதிகம். இரைப்பைக்குள் இறங்கிவிட்ட மழுங்கலான சிறு பொருள்களோ பெரும்பாலும் தாமே வழி கண்டு வெளியேறிவிடுகின்றன. விழுங்கப்பட்டவற்றில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு இவ்வாறு போய்விட, பத்து முதல் இருபது பங்குக்கு, உள்ளே செலுத்திப் பார்த்து எடுக்கும் அகநோக்கிக் குழல் தேவைப்படுகிறது. கத்தி வைத்து அறுக்கவேண்டியது நூற்றுக்கு ஒன்றோ, அதற்கும் குறைவோதான்.

அகநோக்கிக் குழலை இந்தத் துறையில் ஒரு கலையாகவே வளர்த்தவர் செவாலியர் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1865-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், பின்னாளில் பிலடெல்பியாவில் தொழில் புரிந்து, ஆசிரியராகவும் விளங்கி, தொண்ணூறு வயதைக் கடந்து 1958-ல் மறைந்தார். உணவுக் குழாயிலும் மூச்சுக் குழாயிலும் சிக்கியவற்றைத் தாமும் தம்மோடு உழைத்தவர்களும் எடுத்தவுடன், எறிந்துவிடாமல், யாரிடமிருந்து எப்போது எவ்வாறு எடுத்தது என்ற குறிப்போடு அவர் பாதுகாத்து வைத்தார். 2,374 பொருள்கள் கொண்ட அந்தச் சேகரம் பிலடெல்பியா மருத்துவர் கழகத்தைச் சேர்ந்த மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. ஊக்குகள், பொத்தான்கள், நாணயங்கள், எலும்புத் துண்டுகள், சிறு பூட்டு, விளையாட்டுக் கப்பல், பள்ளிக்கு ஒருநாளும் தவறாமல் வந்ததற்காக ஒரு பிள்ளைக்கு அளித்த பதக்கம் ஆகிய யாவும் அதில் உண்டு. எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு தகப்பனிடம் அவர் பிடிவாதம் பிடித்து, உயிருக்கே அச்சுறுத்தல் வந்தபோதும் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். இது சற்று மிகைப்பட்ட பற்று என்றுதான் நான் கருதுகிறேன்.

அவர் தம் மாணவர்களுக்கு ஓயாமல் உபதேசித்த ஒரு விதி உண்டு: முன்னே செல்லும் கூர்முனை துளைக்கும், பின்னே இழுபடும் கூர்முனை துளைக்காது. வாய்திறந்த ஊக்கு ஒன்று கூர்முனை மேல்நோக்கியபடி குழாயில் நிற்குமானால், அதைக் கண்டவுடன் இடுக்கியாற் பற்றி மேலே இழுப்பவன் நோயாளியைக் கொன்றுவிடுவான். ஜாக்சன் என்ன செய்வார் என்றால், அதை இழுக்காமல் மெல்லக் கீழே தள்ளி, அகன்ற இடமாகிய இரைப்பைக்குள் கொண்டுபோய், அங்கே அதைத் திருப்பி, வளைந்த மழுங்கற் பக்கம் முன்னாகவும் கூர்முனை பின்னாகவும் அமையும்படி செய்து, வந்த வழியே வெளிக்கொணர்வார். இவ்வளவையும் பெரும்பாலும் மயக்க மருந்து கொடாமலே செய்வது அவர் வழக்கம். விடுவிப்பதற்காக வந்தவன் முதலில் பொருளை இன்னும் ஆழத்திற் செலுத்துகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது கொடுமையாகவே தோன்றும். அடியவர்களுக்கு இறைவன் துன்பம் தருவதை மறக்கருணை என்று கூறும் நம் மரபை, வெறும் சமாதானப் பேச்சு என்று இளமையில் எண்ணியிருந்த எனக்கு, இந்த ஊக்கைத் திருப்பும் முறையைப் படித்த பின்னர் அதில் வேறொரு நியாயம் தெரிந்தது.

ஜாக்சனின் சுயசரிதத்தில் ஒரு சிறுமியின் வரலாறு இருக்கிறது. அக்காலத்தில் அமெரிக்க வீடுகளில் சோப்புக் காய்ச்சவும் அழுக்கு நீக்கவும் வைத்திருந்த கடுங்காரத்தைக் குழந்தைகள் சர்க்கரை என்றெண்ணி விழுங்கிவிடுவதுண்டு. உள்ளே வெந்து, ஆறும்போது குழாய் வடுவாய்ச் சுருங்கி, பின்பு ஒரு மிடறு நீரும் இறங்காமற் போய்விடும். அத்தகைய நிலையில் கொண்டுவரப்பட்ட அந்தச் சிறுமியின் குழாயை அவர் நோக்கி, சுருங்கிய இடத்தில் அடைத்துக் கிடந்த பழைய உணவுக் கசடுகளை அகற்றிவிட, செவிலிப் பெண் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கம்போல் திரும்பி வந்துவிடும் என்ற அச்சத்தோடு குழந்தை சிறிதளவு உறிஞ்சிற்று. அது மெல்ல இறங்கியது. இன்னொரு மிடறு உறிஞ்சிற்று, அதுவும் இறங்கியது. உடனே அது குவளையை ஒதுக்கிவிட்டு மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டது. தன் குழாய் அடைத்திருக்கிறது என்பதை அந்தக் குழந்தையைவிட நன்றாக அறிந்தவர் உலகில் எவரும் இல்லை. அந்த அறிவு அதற்கு ஒரு மிடறு நீரையும் தரவில்லை. தந்தது இன்னொருவர் கை.

சித்தாந்தியும் ஞானத்தினாலேயே வீடு என்றுதான் சொல்கிறான் என்று இங்கே ஒருவர் இடைமறிக்கலாம். உண்மை. ஆயினும் அந்த ஞானம் உயிர் தானே முயன்று தேடிக்கொண்ட அறிவு அன்று. உயிருக்கு உயிராய் உள்நின்ற முதல்வனே குருவடிவாகி வெளிவந்து உணர்த்துவது என்பதே சிவஞான போதத்தின் துணிபு. கட்டுண்டவன் தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ள இயலாது என்ற அடிப்படை அங்கும் மாறவில்லை.

நம் நாட்டுப் பழைய வைத்தியமும் இதை அறிந்தே இருந்தது. உடலிற் புகுந்து வருத்தும் அந்நியப் பொருளைச் சல்லியம் என்று கூறி, அதை எடுக்கும் முறைகளுக்கே தனி அத்தியாயம் வகுத்தது சுசுருத சங்கிதை. தொண்டையில் எலும்பு தைத்தால், மயிரால் செய்த உருண்டையை நீண்ட நூலிற் கட்டி நீரோடு விழுங்கச் செய்து, பின் வாந்தி வருவித்து, மயிரில் எலும்பு சிக்கியதும் நூலைப் பற்றி இழுத்துவிட வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. அரக்கு சிக்கினால் குழல் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே காய்ச்சிய கம்பியை விட்டு, அரக்கு இளகிக் கம்பியிற் பற்றியவுடன் நீரால் குளிர்வித்து வெளியே எடுக்கவேண்டும். (இவற்றை இக்காலத்தில் வீட்டிற் செய்து பார்க்க எவரும் துணியவேண்டா.) சல்லியத்தை நீக்கும் உபாயங்கள் பதினைந்து என்று எண்ணும் சுசுருதர், அவற்றுள் முதலாவதாகச் சுபாவத்தையும், பதினான்காவதாகக் காந்தத்தையும், இறுதியாக மகிழ்ச்சியையும் வைக்கிறார். நெஞ்சில் தைத்த சோகம் என்னும் சல்லியத்துக்கு மகிழ்ச்சியே உபாயமாம். துக்கத்தையும் முள்ளையும் ஒரே பட்டியலில் சேர்த்தெழுதத் தயங்காத அந்த வைத்தியர், துக்கத்தை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதுவரை ஒரு பக்கத்தையே பேசினேன். வேதாந்திக்குரிய நோயாளிகளும் இருக்கிறார்கள். மீன் முள் தைத்துவிட்டது என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு, ஆராய்ந்து பார்த்தால் உள்ளே முள்ளே இல்லை. முள் கீறிவிட்டு எப்போதோ இறங்கிப் போயிருக்கும். கீறிய இடத்தின் எரிச்சல் மட்டும் முள்ளாகவே உணரப்படும். வேறு சிலருக்குக் கீறலும் இல்லாமல், மனக்கலக்கத்தினால் தொண்டையில் ஓர் உருண்டை நிற்பதாகவே தோன்றிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு இடுக்கியால் எடுக்க ஒன்றுமில்லை. மருத்துவர் பார்த்து, 'ஒன்றும் இல்லை அம்மா, போய் வாருங்கள்' என்று சொல்லும் சொல்லே பாதி மருந்து. இது முழுக்க முழுக்கக் கயிற்றரவுதான். பிப்ரவரி 3-ஆம் நாள், மீன் முள் சிக்கிய சிறுவனைக் காத்தவராகப் போற்றப்படும் புனித பிளாசியுவின் திருநாளில், இரு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கழுத்தருகே பிடித்துக் கத்தோலிக்கக் குருமார் மக்களின் தொண்டைக்கு ஆசி வழங்கும் வழக்கம் உண்டு; அந்த ஆசி இவ்வகை நோயாளிகள் பலருக்கு மெய்யாகவே பலித்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உள்ளே நாணயம் இருப்பவனிடம் 'அது இல்லை என்று அறிக' என்பதும், கீறல் மட்டுமே உள்ளவனை மேசைமேற் கிடத்திக் குழல் செலுத்துவதும் ஒரே வகைப் பிழை.

எல்லாருக்கும் அப்பொழுதே கை நீளவேண்டும் என்பதும் இல்லை. இரைப்பைக்குள் இறங்கிய நாணயத்தை மருத்துவர் அவசரப்பட்டு எடுப்பதில்லை. சில நாட்களோ வாரங்களோ பொறுத்து, மலத்தோடு அது வெளிப்படுகிறதா என்று பார்த்திருக்கச் சொல்கிறார். சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்ற ஒரு கருத்து உண்டு. மலம் பக்குவப்பட்ட பின்பே சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழும் என்பார்கள். இதைக் கேட்ட பலரும் பக்குவப்படவேண்டியது உயிர் என்றே பொருள் கொண்டு, அருள் பெறாதவனைத் தகுதியற்றவன் என்று இகழத் தலைப்படுகிறார்கள். சாத்திரம் பழுப்பதாகச் சொல்வது உயிரை அன்று, மலத்தை. இரைப்பையிற் கிடக்கும் காசு இன்று வெளிவருமா, நாளை வருமா என்பது அந்தக் குழந்தையின் நற்குணத்தைப் பொறுத்ததா? பொருளின் வடிவும் அது நிற்கும் இடமும் அல்லவா அதை முடிவு செய்கின்றன?

காத்திருத்தலுக்கு இடமில்லாத பொருள்களும் உண்டு. கைக்கடிகாரத்திலும் விளையாட்டுப் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் போன்ற சிறு பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால், ஈரமான தசையினூடே மின்னோட்டம் பாய்ந்து, அதன் எதிர்மின்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே குழாயை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஜாக்சன் காலத்துக் குழந்தைகள் புட்டியிலிருந்து விழுங்கிய அதே காரத்தை, இக்காலத்துக் குழந்தையின் உள்ளே ஒரு சிறு வில்லை புதிதாகப் பிறப்பிக்கிறது. எக்ஸ்ரேயில் இதுவும் நாணயம் போலவே வட்டமாகத் தெரியும். ஆனால் விளிம்பில் இரட்டை வளையம் காணும். அந்த இரண்டாவது வளையத்தைக் கவனியாமல் 'நாணயந்தானே, பொறுப்போம்' என்று இருந்துவிட்டால் குழந்தையை இழக்க நேரும்.

உவமை எங்கே முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாணயத்தை விழுங்கியதற்கு ஒரு நாள் உண்டு; ஆணவத்துக்கு அது இல்லை. அது செம்பிற் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் அநாதி. தொடக்கமில்லாதது முடிவுறுவது எங்ஙனம் என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்கும்போது, குடம் வனையப்படுவதற்கு முன் குடத்தின் இன்மை அநாதியாக இருந்தும், குடம் தோன்றியவுடன் அது முடிந்துபோவதைத் தருக்க நூலாரே ஒப்புகிறார்கள் அல்லவா என்று விடை கூறலாம். வினையாகிய கன்மம் என்ற மற்றொரு மலத்துக்கோ வேறோர் உவமையை மருத்துவரே தருகிறார். தன் தலைமயிரைத் தானே பிடுங்கித் தின்னும் பழக்கமுள்ள பெண்பிள்ளைகள் சிலரின் இரைப்பையில் அந்த மயிர் செரியாமல், ஒவ்வோர் இழையாகத் திரண்டு, இரைப்பையின் வடிவத்தையே கொண்ட கட்டியாகிவிடும். அதன் வால் சிறுகுடலுக்குள் நீள்வதும் உண்டு. வெளியிலிருந்து யாரும் அதைப் போடவில்லை. ஒரே நாளில் உண்டானதும் அன்று. செய்து செய்து சேர்ந்தது. அதை எடுக்கப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்கவே வேண்டியிருக்கிறது.

ஜாக்சனின் இழுப்பறைகளில் சித்தாந்தத்தின் நுட்பமான ஒரு கோட்பாடு எனக்கு விளங்கிற்று. முத்தியில் ஆணவம் அழிந்தொழிகிறது என்று நம் ஆசிரியர்கள் சொல்வதில்லை. பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் நித்தியம். மறைக்கும் சத்தி மட்டுமே மடங்க, மலம் இருந்தும் இல்லாதது போலாகிறது என்பார்கள். அழியாத பொருளிலிருந்து விடுதலை என்பது எப்படிப்பட்ட விடுதலை என்று முன்பு எனக்கு மயக்கமாக இருந்தது. 2,374 பொருள்களும் அங்கே அப்படியே இருக்கின்றன; ஊக்கின் கூர்முனை மழுங்கவில்லை. ஆனால் துளைப்பதற்கு அங்கே தொண்டை இல்லை.

இனி என் துணிபைச் சொல்கிறேன். வேதாந்தத்தின் ஆழத்தைக் குறைத்துப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆயினும் துன்புறும் மனிதன் ஒருவனிடம் எந்தத் தத்துவத்தோடு செல்வது என்று கேட்டால், சித்தாந்தத்தோடு செல்வதே அறம் என்பேன். உன் கட்டு உன் அறியாமையே என்று சொல்லும்போது, நாம் கருதாவிட்டாலும், அவன்மேற் குற்றம் சுமத்திவிடுகிறோம். உன்னுள் நீயல்லாத ஒன்று சிக்கியிருக்கிறது, அதை எடுக்கக் கை ஒன்று உண்டு என்று சொல்லும்போது அந்தச் சுமை இல்லை. காரம் விழுங்கிய குழந்தைகளை ஜாக்சன் கடிந்துகொள்ளவில்லை; அவர்களைப் பெற்றவர்களையும் ஏசிக்கொண்டிருக்கவில்லை. புட்டியின் மேல் 'நஞ்சு' என்று அச்சிட்டாக வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 1927-ல் அமெரிக்கச் சட்டசபையில் அதற்கென்று ஒரு சட்டமே பிறக்கச் செய்தார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டா. வாந்தி எடுக்கவும் வைக்க வேண்டா. வாழைப்பழமும் சோற்றுருண்டையும் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்கவும் வேண்டா. விழுங்கியது பேட்டரியாக இருக்கலாம் என்ற சிறு ஐயம் இருந்தாலும், விடியட்டும் என்று இராமல், அந்த நாழிகையே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.